கம்பியின் கீழே

கம்பி இழுப்பவன் நான்.
கம்பத்து உச்சியிலிருந்து பார்த்தால்
டிரெந்தே ஒரு கரும்பலகை.
சதுப்பை வெட்டி வெட்டி
ஹாலந்து அடுப்புகளுக்கு விற்றுவிட்டு
மிஞ்சிய கருமண்ணில் ஓட்ஸ் விதைத்திருந்தார்கள்.

ஜூன் வரை குறைசொல்ல ஒன்றுமில்லை.
பிறகு இலைநுனி வெளுத்தது.
வெளுத்த நுனி திரிபோல முறுக்கிக்கொண்டது.
கதிர் வந்தது, பால் பிடிக்கவில்லை.
ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி
ஊதினாள் ஹில்லகீன் ஓஸ்டிங்.
அத்தனையும் பறந்துவிட்டது.

புதுநில நோய் என்றார்கள்.
பெயர் வைத்ததோடு சரி.
சாணம் போட்டார்கள்.
சுண்ணாம்பு போட்டார்கள்,
சுண்ணாம்பு விழுந்த வயல் இன்னும் வெளுத்தது.
பாதிரியார் வரப்பில் நின்று ஜெபித்துவிட்டுப் போனார்.
அவளுடைய கருப்புப் பசுவுக்குக்
கண்ணைச் சுற்றி மயிர் நரைத்து,
மூக்குக்கண்ணாடி மாட்டிய வாத்தியார் மாதிரி
என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து
புயலில் அறுந்ததைக் கட்டப் போனேன்.
ஏணியைச் சாத்தும்போதே வந்துவிட்டாள்.
"ஏறிப் பார்த்துச் சொல்.
மேலிருந்து என்ன தெரிகிறது?"

தெரிந்தது.
வெளிறிக் கிடந்த வயலுக்கு நடுவே
கம்பத்திலிருந்து கம்பம் வரை
ஒரு முழ அகலத்துக்குப் பச்சை.
கம்பிக்கு நேர் கீழே அல்ல,
மேற்குக் காற்று ஒரு துளியைத் தள்ளும் அளவுக்குக்
கிழக்கே ஒதுங்கி.
அங்கே மட்டும் கதிர்கள்
தலை கனத்துக் குனிந்திருந்தன.

மழைதான்.
செம்பை நக்கிவிட்டு விழுந்த மழை.

"உன் துண்டுக் கம்பி எனக்கு வேண்டும்."
விற்றுக் காசாக்குவாள் என்று நினைத்தேன்.
கம்பெனிச் சொத்து,
எடைபோட்டுத் திருப்ப வேண்டும் என்றேன்.
அவள் பார்த்த பார்வையில்
பசுவுக்கு என்னைவிட விவரம் அதிகம்.

கொடுத்தேன்.
மழைநீர்ப் பீப்பாயில் சுருட்டிப் போட்டாள்,
மேலே சதுப்பின் புளித்த தண்ணீர்.
பத்து வரிசைக்கு மட்டும் குவளையால் ஊற்றினாள்.
பதினோராவது வரிசையை
வேண்டுமென்றே விட்டாள்.

அந்தப் பத்து வரிசைக்காகத்தான்
க்ரோனிங்கனிலிருந்து மண் சோதிக்கிறவன் வந்தான்.
கஞ்சன் முடிச்சுப்போல இந்த மண், என்றான்,
செம்பை இறுக்கிக்கொள்ளும், வேருக்கு அவிழ்க்காது.
செம்பு போகாத தண்டில் விறைப்பு ஏறாது.
இலை வெயிலை வாங்கும்,
வாங்கியதைக் கைமாற்ற ஆளிருக்காது.
பூவில் மகரந்தம் இருக்கும்,
அதில் உயிர் இருக்காது.
எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள்.
ஹெக்டேருக்கு ஒரு மூட்டை மயில்துத்தம்.
அதிலும் பயிர் தின்பது
ஒரு சிட்டிகை.

அந்த வசந்தத்தில்
நீலப் பொடியை மணலோடு பிசிறி
வீசிக்கொண்டே நடந்தாள்.
மரச்செருப்பு நீலம், விரலிடுக்கு நீலம்,
வாயைத் துடைத்த இடத்திலும் நீலம்.
ஆகஸ்டில் கசக்கி ஊதினாள்.
உமி பறந்தது,
கையில் தங்கியதை எண்ணவில்லை,
அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.
பசு மறுபடி கருத்தது.

மூட்டை கிழிந்து கொட்டிய மூலை ஒன்று உண்டு.
இன்றுவரை அங்கே புல்கூட இல்லை.
புது மண் கொட்டி மூடலாமே என்றேன்.
"கிடக்கட்டும்.
அளவு மறந்துபோனால்
பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்."

நான் செய்ததும் ஒன்று இருக்கிறது.
அந்த வருஷக் கிடங்குக் கணக்கில்
பதினோரு அடி செம்புக் கம்பி குறைந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதி,
அடித்துவிட்டு,
புயல் என்று எழுதினேன்.